ரியாத்தில் ஆஸ்பத்திரியும் ஜிம்மும் கட்டி வளர்ந்த இருவர்

"சவூதியில் ஆஸ்பத்திரி, ஜிம் என்று தொழில் செய்து கோடீஸ்வரரான அரபுக்காரர்கள் யாராவது உண்டா? இல்லை, எல்லாமே எண்ணெய்க் காசும் அரச குடும்பத்துச் சிபாரிசும்தானா?" என்பதுதான் கேள்வி.

உண்டு. இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் சுலைமான் அல் ஹபீப், ஆஸ்பத்திரிக்காரர். இன்னொருவர் அப்துல்முஹ்சின் அல் ஹக்பானி, ஜிம்காரர். இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ரியாத்தில் பதினோரு வருஷம் ஒரு பாலிகிளினிக்கில் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால், அவர்கள் செய்த தொழிலின் உள்பக்கம் ஓரளவு தெரியும்.

எண்ணெய்க் காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த நாட்டில் எண்ணெய்க் காசு படாத தொழிலே கிடையாது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் கையில் இருப்பதும் அதுதான், அவன் போய் டீ குடிக்கிற கடைக்காரன் கல்லாவில் விழுவதும் அதுதான். எல்லார் வீட்டுக் குழாயிலும் வருகிற தண்ணீரை வைத்து, ஒருத்தர் தோட்டம் மட்டும் ஏன் செழித்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த இருவர் விஷயத்திலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. அரசாங்கம் ஒரு விதியை மாற்றிக் கதவைத் திறந்த நேரத்தில், இவர்கள் கதவுக்கு வெளியே மூட்டை முடிச்சோடு தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். அல் ஹபீபுக்கு அந்தக் கதவு கட்டாய மருத்துவக் காப்பீடு. அல் ஹக்பானிக்குப் பெண்கள் ஜிம் உரிமம்.

சுலைமான் அல் ஹபீப் அடிப்படையில் குழந்தை மருத்துவர். 1990-களின் நடுவில் ரியாத்தின் ஒலையா பகுதியில் ஒரு மருத்துவ வளாகத்தோடு தொடங்கினார். இன்றைக்கு ஒலையா என்றால் கோபுரங்களும் பெரிய கடைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். நகரத்தில் காசு புழங்கும் தெரு அது. அங்கே கிளினிக் திறந்தவர் யாருக்காகத் திறந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஆனால் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் காசு உள்ள சவூதிக் குடும்பம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்குமா? அந்தப் பொறுமையின்மைதான் அவருடைய முதல் சந்தை.

டாக்டர் என்பதில் அவருக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. 2003-ல் வந்த தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி, கிளினிக்கோ மருத்துவ வளாகமோ நடத்த வேண்டுமென்றால் உரிமையாளர்களில் ஒருவராவது அந்தத் துறை தெரிந்த மருத்துவராக இருக்க வேண்டியிருந்தது. காசு மட்டும் வைத்திருக்கிற வியாபாரி ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்துப் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. டாக்டரே முதலாளியாக இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. அவருடைய குழுமத்தின் பெரிய பங்குதாரர்களில் முகமது பின் அப்துல்அஸீஸ் அல் ஹபீப் அண்ட் சன்ஸ் என்ற, ரியல் எஸ்டேட்டில் ஊறிய நிறுவனமும் உண்டு. ஆக, ஸ்டெதாஸ்கோப்பும் இருந்தது, நிலம் தெரிந்தவர்களும் பக்கத்தில் இருந்தார்கள். வெறும் கையோடு வந்து வென்ற கதை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி நான் முதலில் சொன்ன அந்தக் கதவு. 1999-ல் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. காகிதத்தில்தான் 1999. நடைமுறைக்கு வந்தது 2006-ல், அதுவும் 500-க்கு மேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும். பிறகு படிப்படியாக எல்லாத் தனியார் கம்பெனிகளுக்கும். இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் இக்காமா, அதாவது வெளிநாட்டுக்காரர் அங்கே தங்குவதற்கான அனுமதி, புதுப்பிக்க முடியாது என்ற நிலை வந்ததும், லட்சக்கணக்கான பேரின் சட்டைப் பையில் ஒரே நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை முளைத்தது. ரியாத்தின் பத்தா பகுதியில் கொத்து வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் பையிலும் அட்டை, ஒலையாவில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற மேனேஜர் பையிலும் அட்டை. இரண்டின் நிறமும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைய விடும் என்பது வேறு வேறு. வகுப்பு பிரித்துத்தான் பாலிசி. எங்கள் கிளினிக் கீழ்வகுப்பு அட்டைகளுக்கானது. அல் ஹபீப் ஆஸ்பத்திரிகள் மேல்வகுப்பு அட்டைகளுக்கானவை. நம்மவர்களில் பலர் அந்தக் கட்டடங்களைப் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் வந்ததும் எல்லா ஆஸ்பத்திரியும் கொழித்துவிட்டது என்று வெளியில் நினைப்பார்கள். கொழிக்கவில்லை. என் மேஜைக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அல் ஹபீப் எங்கே ஜெயித்தார் என்பது விளங்கும்.

ஒருவர் வயிற்றுவலி என்று வருகிறார். அட்டையைக் காட்டி, தன் பங்குக்கு ஒரு சின்னத் தொகை கட்டிவிட்டு டாக்டரைப் பார்க்கிறார். டாக்டர் ஸ்கேன் எழுதினால், அதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்க வேண்டும். நோயாளி வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அனுமதி வந்து, ஸ்கேன் எடுத்து, மருந்து கொடுத்து அனுப்பிவிடுவோம். அன்றைக்கு எங்கள் கல்லாவில் விழுந்தது அந்தச் சின்னத் தொகை மட்டும். மீதிக்கு மாதக் கடைசியில் க்ளெய்ம் கட்டு தயார் செய்து அனுப்ப வேண்டும். அதில் ஒரு கட்டு சில நாள் கழித்துத் திரும்பி வரும். "எழுதிய நோய்க்கும் கொடுத்த மருந்துக்கும் பொருத்தம் இல்லை." டாக்டர் நோய்க்குறியீட்டில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருப்பார், அவ்வளவுதான். அவரைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பி, காசு வந்து சேர மாதங்கள் ஆகும். எங்கள் கிளினிக்கில் இரண்டு தடவை சம்பளம் தள்ளிப் போனதற்கு நோயாளி குறைந்தது காரணமில்லை, கூட்டம் நிரம்பி வழிந்தது. வேலை செய்த காசு வெளியே மாட்டிக்கொண்டிருந்தது.

அல் ஹபீப் குழுமம் இந்த இடத்தில்தான் மற்றவர்களைவிட ஒரு படி மேலே யோசித்தது. ஆஸ்பத்திரி நிர்வாக மென்பொருளை வெளியில் வாங்காமல் கிளவுட் சொல்யூஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி வைத்துச் செய்துகொண்டார்கள். அந்த மென்பொருளின் பெயர் விடா. க்ளெய்ம், வசூல் வேலைக்கென்றே தஸ்வியாத் என்று இன்னொரு கம்பெனி. அரபியில் தஸ்வியா என்றால் கணக்கை நேர் செய்வது, தீர்த்து முடிப்பது. பெயரே தொழிலைச் சொல்லிவிடுகிறது. நான் தனியாளாக ஒரு மேஜையில் மாரடித்த வேலையை அவர்கள் ஒரு கம்பெனியாகவே ஆக்கி, மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் செய்துகொடுத்துக் காசு பார்த்தார்கள். பளிங்குத் தரையும் வரவேற்பறை காபியும் எல்லாரும் செய்யலாம். திரும்பி வருகிற க்ளெய்மைக் குறைப்பது அப்படியில்லை. அவர் சாதனைகளில் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருவது இதற்குத்தான்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். ரியாத்திலேயே தகஸ்ஸுஸி, ரையான், சுவைதி என்று ஆஸ்பத்திரிகள். கஸீமில் ஒன்று, அல் கோபரில் ஒன்று, துபாயில் ஒன்று. 2020 மார்ச் 17 அன்று குழுமம் சவூதி பங்குச்சந்தையான ததாவுலில் பட்டியலிடப்பட்டது. 15 சதவீதப் பங்குகளை, ஒன்று 50 ரியால் என்று விற்றுத் திரட்டியது ஏறத்தாழ 262 கோடி ரியால். தேதியைக் கவனியுங்கள். உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரம் அது. அந்த வருஷமே நிகர லாபம் 100 கோடி ரியாலைத் தாண்டியது, 2023-ல் 200 கோடியைத் தாண்டியது. அவர் கையில் இருப்பது சுமார் 40 சதவீதப் பங்கு. 2025-ல் ஃபோர்ப்ஸ் பட்டியலில் சவூதியர்கள் மறுபடி இடம்பெற்றபோது, இளவரசர் அல்வலீதுக்கு அடுத்த இடத்தில், 1,090 கோடி டாலர் சொத்தோடு இருந்தவர் இந்தக் குழந்தை மருத்துவர்.

இனி ஜிம்காரர்.

அப்துல்முஹ்சின் அல் ஹக்பானி 2005-ல் தொடங்கிய கம்பெனியின் பெயர் லிஜாம். அரபியில் லிஜாம் என்றால் குதிரையின் கடிவாளம். ஆனால் தெருவில் யாரும் லிஜாம் என்று சொல்ல மாட்டார்கள். கட்டடத்தின் மேல் இருக்கிற பெயர் ஃபிட்னஸ் டைம், அரபியில் வக்த் அல்லியாகா.

2005-ல் ரியாத்தில் ஒரு வாலிபன் சாயங்காலம் எங்கே போவான் என்று யோசித்துப் பார்த்தால் அவருடைய கணக்கு புரியும். சினிமா தியேட்டர் கிடையாது, அது 2018 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. கோடையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் அனல் அடிக்கும், பூங்காவில் ஓட முடியாது. மிச்சம் இருந்தது கார், காபிக் கடை, ஊருக்கு வெளியே நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கிற இஸ்திராஹா என்ற ஓய்வு வீடு. இதற்கு நடுவில் குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடம், உள்ளே நீச்சல்குளம், நீராவிக் குளியல், பந்து விளையாட இடம், கருவிகள் வரிசை வரிசையாக. நம் ஊரில் ஜிம் என்றால் மாடியில் பத்துக்கு இருபது அறையும் ஹனுமான் படமும் துருப்பிடித்த தம்பிள்ஸும் என்ற ஞாபகத்தோடு போன எனக்கு, முதல் தடவை உள்ளே போனபோது கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. உடம்பை இறுக்க வந்தவர்கள் பாதிப் பேர், பேச வந்தவர்கள் பாதிப் பேர். ரம்ஜான் மாதத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தராவீஹ் தொழுகை முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் கூட்டமே சேரும். டிரெட்மில்லுக்கு வரிசையில் நிற்பார்கள், விடியலுக்கு முன் சாப்பிடுகிற ஸஹர் நேரம் நெருங்கும்வரை விளக்கு அணையாது.

தேவையும் இல்லாமல் இல்லை. பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் நாடு அது. 2016-ல் விஷன் 2030 என்ற நீண்ட காலத் தேசியத் திட்டத்தை அறிவித்தபோது, வாரம் ஒரு முறையாவது உடற்பயிற்சி செய்பவர்கள் 13 சதவீதம்தான், அதை 40 ஆக்க வேண்டும் என்று அரசாங்கமே எழுதி வைத்தது. இப்படி ஒரு விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

அல் ஹக்பானியின் உண்மையான சாமர்த்தியம் வகை பிரித்ததில் இருக்கிறது. ஒரே பெயரின் கீழ் சாதாரணம், ப்ரோ, ப்ளஸ் என்று வேறு வேறு கட்டணம். ஜவுளிக்கடையில் ஒரே முதலாளி கீழ்த்தளத்தில் தள்ளுபடித் துணியும் மேல்தளத்தில் பட்டும் விற்பது போலத்தான். 2013-ல் பஹ்ரைனின் இன்வெஸ்ட்கார்ப் லிஜாமில் 25 சதவீதப் பங்கு வாங்கியது. இப்படிப்பட்ட நிதி நிறுவனங்கள் உள்ளே வந்தால் கணக்கு வழக்கு ஒழுங்குக்கு வரும், அடுத்த சில வருஷத்தில் பங்குச்சந்தைக்குப் போவார்கள் என்று அர்த்தம். அப்படியே நடந்தது. 2018 செப்டம்பரில் 30 சதவீதப் பங்குகளை, ஒன்று 52 ரியால் என்று விற்று 81.7 கோடி ரியால் திரட்டினார்கள். சவூதி சந்தையில் பட்டியலான முதல் ஜிம் கம்பெனி அதுதான். அப்போதே நூற்றுக்கு மேற்பட்ட கிளைகள்.

ஆனால் 2018 என்ற வருஷம் தற்செயல் இல்லை. இங்கேதான் பெண்கள் விஷயம் வருகிறது, ஆஸ்பத்திரியும் ஜிம்மும் ஒரே கதையில் சேர்வதும் இங்கேதான்.

அதுவரை ஆண்கள் ஜிம்முக்கு உரிமம் உண்டு, பெண்கள் ஜிம்முக்கு என்று ஒரு உரிமமே கிடையாது. 2009 வாக்கில் உரிமம் இல்லாமல் நடந்த பெண்கள் ஜிம்களை மூடினார்கள். "அவள் குண்டாகட்டும், விடுங்கள்" என்று கேலியாகப் பெயர் வைத்துப் பெண்கள் சிலர் பிரசாரம் செய்தார்கள். பிறகு எங்கேதான் போனார்கள்? ஆஸ்பத்திரிக்கு. சுகாதார அமைச்சகத்தின் உரிமத்தில், ஆஸ்பத்திரியோடு ஒட்டிய 'ஹெல்த் கிளப்' என்ற பெயரில் நடத்தலாம். மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2012-ல் வெளியிட்ட அறிக்கையிலும் இந்த ஏற்பாடு பதிவாகியிருக்கிறது. எங்கள் கிளினிக்கிலும் பெண்கள் பிரிவில் பிசியோதெரபி என்று பலகை போட்ட ஒரு கூடம் இருந்தது. உள்ளே நான் போனதில்லை, போகவும் முடியாது. ஆனால் வாங்கிய சாமான் பில் என் பக்கத்து மேஜைக்கு வரும். எட்டு டிரெட்மில், ஆறு சைக்கிள், மசாஜ் கட்டில் ஒன்றே ஒன்று. முழங்கால் வலிக்காரர்கள் இவ்வளவு ஓடுவார்களா என்று எகிப்துக்காரக் கணக்கர் சிரிப்பார். மாதக் கட்டணம் ரொக்கமாக வரும், அதில் இன்ஷூரன்ஸ் கிடையாது, திரும்பி வருகிற க்ளெய்ம் கிடையாது. கிளினிக்கிலேயே ஒழுங்காகக் காசு வந்த ஒரே கூடம் அது.

2017 பிப்ரவரியில், விளையாட்டு ஆணையத்தில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த இளவரசி ரீமா பின்த் பந்தர் பெண்கள் ஜிம்முக்கு உரிமம் தரப்போவதாக அறிவித்தார். அதே வருஷம் ஜூலையில் அரசுப் பெண்கள் பள்ளிகளில் உடற்கல்வி வரும் என்றார்கள். 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது. ஜிம்முக்குப் போக அண்ணனையோ டிரைவரையோ எதிர்பார்க்க வேண்டாம் என்றால் அந்தத் தொழிலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் நடந்தபோது பெயர், பயிற்சி முறை, கருவி சப்ளை, இடம் பிடிக்கிற ஆள் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கம்பெனி நின்றுகொண்டிருந்தது. ஃபிட்னஸ் டைம் லேடீஸ் கிளைகள் வரிசையாகத் திறந்தன. சந்தை ஒரே இரவில் இரண்டு மடங்கான மாதிரி. பங்கு வெளியீட்டை அந்த நேரத்தில் வைத்தது தற்செயலாக இருக்க வழியில்லை.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரி வேலையைச் செய்துவிட்டுக் காசுக்குக் காத்திருக்கிறது. ஜிம் காசை வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறது, அந்த வேலை பல சமயம் வருவதே இல்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று சந்தாவை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். அந்தக் காசைக் கணக்கில் உடனே வருமானமாகக் காட்டக் கூடாது, மாதா மாதம் பிரித்துத்தான் எழுத வேண்டும். ஆனால் ரொக்கம் பெட்டியில் இருக்கிறது, அதை வைத்து அடுத்த கிளையைக் கட்டலாம். வாடிக்கையாளரே வட்டியில்லாக் கடன் கொடுக்கிற தொழில் இது. அல் ஹபீப் அந்தக் காத்திருப்பைக் குறைக்கத் தனிக் கம்பெனியே நடத்த வேண்டியிருந்தது. அல் ஹக்பானிக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

அதற்காக ஜிம் தொழில் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வலி வேறு பக்கம் இருக்கிறது. இடங்கள் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை ஓடும், குளத்துத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், ஏசி ஓட வேண்டும். 2020 மார்ச் 15-லிருந்து நாட்டின் எல்லா ஜிம்களையும் மூடச் சொன்னார்கள். இரண்டே நாள் கழித்துத்தான் அல் ஹபீப் பங்குகள் சந்தைக்கு வந்தன. ஒருவருக்கு மணி அடித்துத் தொடக்கவிழா, இன்னொருவருக்கு நூற்றுக்கணக்கான கதவுகளில் பூட்டு. ஜூன் 21-ல் திறக்க விட்டார்கள், சரியாகப் பத்தாவது நாள், ஜூலை 1 அன்று வாட் வரி 5 சதவீதத்திலிருந்து 15 ஆனது. லிஜாம் அந்த வருஷம் நஷ்டம் காட்டியது. அடுத்த வருஷமே லாபத்துக்குத் திரும்பி, 2023-ல் வருவாய் 130 கோடி ரியாலைத் தாண்டியது. அல் ஹபீப் குழுமத்தின் அதே வருஷ வருவாய் 950 கோடி ரியால் அளவில் இருந்தது. அளவில் இருவரையும் ஒப்பிட முடியாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் தொழில் தந்திரம் கற்க வேண்டுமென்றால் சின்னதான ஜிம்காரரிடம்தான் கற்பேன்.

சிபாரிசு பற்றி ஒரு வரி. உரிமம் கொடுக்கிறவர் மனது வைக்காமல் அங்கே எந்தக் கட்டடமும் எழும்பாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் உரிமம் வாங்கிய எத்தனையோ பேர் கட்டடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனதையும் ரியாத் வெளிவட்டச் சாலையில் போகும்போது பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. ஜிம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் சொந்தக் கணக்கைத்தான் சொல்வேன். 2020-ல் எங்கள் தெருவில் இருந்த ஒரு ஜிம்மில் வருஷச் சந்தா கட்டியிருந்தேன். மூடியிருந்த 98 நாளையும் என் சந்தாவோடு சேர்த்துக் கொடுப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. நேர்மையான ஆட்கள், சொன்னபடியே சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்துக் கொடுத்த 98 நாளில் நான் போனது நாலு நாள்.